சினைப்பருவத்திற்கு மூளை போடும் கணக்கு

சினைப்பருவத்திற்கு வராத பசுவைப் பரிசோதிக்க அழைக்கப்படும்போது, கையுறையை மாட்டுவதற்கு முன் அதன் பின்னால் சற்று நேரம் நின்று இடுப்பையும் வாலின் அடிப்பகுதியையும் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவனாக நான் சந்தித்த இத்தகைய பசுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வாலின் இருபுறமும் குழி விழுந்திருக்கும். இடுப்பெலும்பின் முனைகள் தோலுக்கு அடியில் கூர்மையாகத் தெரியும். குட்டை விலா எலும்புகளின் நுனியை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அதன் பிறகு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தால் கருப்பை சுருங்கி நல்ல நிலையில் இருக்கும். சூலகங்கள் மட்டும் சிறுத்து, வழவழப்பாக, முட்டை வெளியேறியதற்கான தடமே இல்லாமல் இருக்கும். உரிமையாளர்கள் பெரும்பாலும் கேட்பது, சூலகத்தை வேலை செய்யவைக்க ஏதாவது ஊசி போட முடியுமா என்பதைத்தான். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சூலகம் பழுதாகவில்லை, அதற்கு மேலிருந்து வரவேண்டிய உத்தரவு வரவில்லை, அந்த உத்தரவைத் தருவது மூளை, மூளை அதைத் தருமுன் பார்ப்பது உடலின் ஆற்றல் கையிருப்பை. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்ட பண்ணைகளில் சினைபிடிக்காத மாடுகளின் எண்ணிக்கை குறைவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆகவே, அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில், மிகச் சில ஆயிரம் நரம்புச் செல்கள் மட்டுமே ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. பத்தே அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறு மூலக்கூறின் அமைப்பை 1971-ஆம் ஆண்டு கண்டறிந்தவர்கள் ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லமினும். பன்றிகளின் மூளைத்துண்டுகளிலிருந்து ஒருவரும், ஆடுகளின் மூளைத்துண்டுகளிலிருந்து மற்றவருமாகப் பல ஆண்டுகள் பிரித்தெடுத்த அந்த உழைப்புக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜிஎன்ஆர்எச் பிட்யூட்டரிச் சுரப்பியை அடைந்து எல்எச், எஃப்எஸ்எச் ஆகிய இரண்டு ஹார்மோன்களை வெளியேற்றுகிறது. அவை இரத்தத்தின் வழியே சூலகத்தையோ விரையையோ சென்றடைகின்றன. இதில் கவனிக்கவேண்டியது அளவு மட்டுமல்ல, தாளமும்தான். எர்ன்ஸ்ட் க்னோபில் குழுவினர் 1978-இல் ரீசஸ் குரங்குகளில் காட்டியதுபோல, ஜிஎன்ஆர்எச்-ஐ ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை துடிப்பாகச் செலுத்தினால் பிட்யூட்டரி வேலை செய்கிறது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி அடங்கிப்போகிறது. பசுவிலும் முட்டை வெளியேறுவதற்கு முந்தைய நாள்களில் எல்எச் துடிப்பு ஏறக்குறைய மணிக்கு ஒன்றாக வரவேண்டும்.

ஆற்றல் பற்றாக்குறையில் இருக்கும் பசுவில் இந்தத் தாளம்தான் முதலில் தளர்கிறது. மணிக்கு ஒன்றாக வரவேண்டிய துடிப்பு பல மணி நேரத்திற்கு ஒன்றாகிவிடுகிறது. கன்று ஈன்ற சில நாள்களிலேயே சூலகத்தில் முட்டைப்பைகள் அலை அலையாக வளரத் தொடங்கிவிடுகின்றன, ஏனெனில் அதற்குத் தேவையான எஃப்எஸ்எச் குறைவதில்லை. ஆனால் முன்னணிக்கு வரும் ஒரு பை ஓரளவு வளர்ந்த பிறகு எல்எச் துடிப்பை நம்பியே மேற்கொண்டு வளரவேண்டியிருக்கிறது. துடிப்பு போதாததால் அது ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க முடியாமல் வாடிவிடுகிறது, அடுத்த அலை தொடங்குகிறது, அதுவும் வாடிவிடுகிறது. ஸ்கேன் கருவியை வைத்துச் சில நாள் இடைவெளியில் ஒரே பசுவைப் பார்த்தால் இந்தப் பரிதாபமான முயற்சியைக் கண்ணாலேயே காணலாம்: பை இருக்கிறது, வளர்கிறது, மறைகிறது, பசுவோ பருவத்தின் அடையாளமான சளி ஒழுக்கும் இல்லாமல் கத்தலும் இல்லாமல் அமைதியாக நிற்கிறது.

மூளைக்குக் கையிருப்பைத் தெரிவிப்பவை எவை என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. எலிகளில் பருவமடைதல் வயதைவிட உடல் எடையையே அதிகம் சார்ந்திருக்கிறது என்று 1963-இலேயே கென்னடியும் மித்ராவும் காட்டியிருந்தனர். 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் தற்செயலாகப் பிறந்த ஒரு வகை எலி அளவுக்கு மீறிப் பருத்தும், இனப்பெருக்கம் செய்ய முடியாமலும் இருந்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினை 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தபோது அந்த எலியின் மர்மம் விலகியது: அதற்கு லெப்டினை உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. உடல் முழுக்கக் கொழுப்பு இருந்தும் அந்தச் செய்தி மூளைக்குப் போகாததால், மூளை அந்த விலங்கைப் பட்டினியில் இருப்பதாகவே கருதிப் பசியைக் கூட்டி, இனப்பெருக்கத்தை நிறுத்திவைத்திருந்தது. 1996-இல் அந்தப் பெண் எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது அவை சினைபிடித்தன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுவே; ஏனெனில் விலங்கு இனப்பெருக்கம் செய்வதற்குக் கையிருப்பு இருந்தால் மட்டும் போதாது, அது இருப்பதாக மூளைக்குத் தெரியவும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

லெப்டின் தனியாகச் செயல்படுவதில்லை. உணவு உண்டவுடன் ஏறும் இன்சுலின், இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், காலியான வயிற்றிலிருந்து சுரக்கும் கிரெலின் ஆகியவையும் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்புகின்றன. 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின் பசியைத் தூண்டுகிறது, வளர்ச்சி ஹார்மோனை வெளியேற்றுகிறது, எல்எச் துடிப்பையும் அடக்குகிறது. உணவு, வளர்ச்சி, இனப்பெருக்கம் ஆகிய மூன்றையும் ஒரே மூலக்கூறு தொடுகிறது என்பதற்கு இது நேரடியான சான்று. ஜிஎன்ஆர்எச் செல்களில் லெப்டினை ஏற்கும் வாசல் கிடையாது. ஆகவே செய்தி இடைநிலைச் செல்கள் வழியாகத்தான் போகிறது. பசியைத் தூண்டும் என்பிஒய் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் பட்டினிக் காலத்தில் ஜிஎன்ஆர்எச்-ஐ அடக்குகின்றன. கிஸ்பெப்டின் என்னும் மற்றொரு பொருளைச் சுரக்கும் செல்கள் அதைத் தட்டி எழுப்புகின்றன. கிஸ்பெப்டினை ஏற்கும் வாசல் மரபணுவிலேயே பழுதான மனிதர்கள் பருவமடைவதில்லை என்பது 2003-இல் தெரியவந்த பிறகு, இனப்பெருக்கத்தின் தலைவாசல் இதுதான் என்பதில் ஐயமில்லாமல் போயிற்று. பட்டினி கிடக்கும் விலங்குகளில் கிஸ்பெப்டின் உற்பத்தி குறைகிறது.

இனி வளர்ச்சியைப் பற்றி. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. எலும்பும் தசையும் வளர்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். தீவனம் குறைந்தால் வளர்ச்சி ஹார்மோனும் குறையும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் நடப்பது நேர்மாறானது: வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறது, கல்லீரலில் அதை ஏற்கும் வாசல்கள் குறைகின்றன, ஐஜிஎஃப்-1 சரிகிறது. இதனால் வளர்ச்சி நிற்கிறது, கொழுப்பு கரைந்து ஆற்றலாகிறது. கன்று ஈன்ற கறவைப் பசுவில் இந்த நிலை வாரக்கணக்கில் நீடிக்கிறது. கரைந்த கொழுப்பு மடிக்குப் போய்ப் பாலாகிறது. பால் நன்றாகவே கறப்பதால் பசு நலமாக இருக்கிறது என்று உரிமையாளர் நம்புகிறார். ஆனால் சூலகத்தில் முட்டைப்பை முதிர எல்எச்-உடன் ஐஜிஎஃப்-1-உம் இன்சுலினும் சேர்ந்து உழைக்கவேண்டும். இரண்டும் தாழ்ந்திருப்பதால், மூளையிலிருந்து துடிப்பு ஓரளவு வந்தாலும் சூலகம் அதற்கு முழுமையாகச் செவிசாய்ப்பதில்லை. நன்றாகக் கறக்கும் பசு சினைபிடிக்கத் தாமதமாவதன் காரணம் பாலின் அளவில் மட்டும் இல்லை, அந்தப் பாலுக்கு ஈடாகத் தின்ன முடியாமல் போவதில் இருக்கிறது. பால் உச்சத்தைத் தொடுவது ஈன்ற 4 முதல் 8 வாரங்களுக்குள். தீவனம் உண்ணும் அளவு உச்சத்தைத் தொட மேலும் சில வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் உடல் கரைகிறது.

இந்த இடைவெளியால் அதிகம் அடிபடுவது தலைச்சன் ஈற்றுப் பசுக்கள். முதல் கன்றை ஈனும்போது ஒரு பசு தன் முழு எடையில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை எட்டியிருந்தாலே நல்ல வளர்ப்பு என்று சொல்லலாம். அதாவது உயிர் வாழ்வதற்கும், பாலுக்கும், அடுத்த சினைக்கும் மேலாக, மிச்சமுள்ள வளர்ச்சிக்கும் அது தீவனத்தைப் பங்கிடவேண்டும். ஒரு பண்ணையில் மூத்த பசுக்கள் எல்லாம் காலத்தில் சினைபிடிக்க, தலைச்சன் பசுக்கள் மட்டும் மாதக்கணக்கில் பருவத்திற்கு வராமல் இருந்தன. தீவனத்தின் தரத்தில் குறையில்லை. தாது உப்புக் கலவையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீவனம் போடும் நேரத்தில் கொட்டகையின் ஓரத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூத்த பசுக்கள் தொட்டியை மறித்து நின்று அடர்தீவனம் கலந்த மேல்பகுதியைத் தின்று முடித்தன. இளையவை பின்னால் ஒதுங்கி நின்று, அவை நகர்ந்த பிறகு வந்து, எஞ்சிய தண்டுகளை முகர்ந்து பொறுக்கின. ஒரு தலைச்சன் பசு தொட்டியில் தலையை நீட்டியதும், பக்கத்தில் நின்ற மூத்த பசு கொம்பை அசைத்தது. முட்டக்கூட இல்லை, அந்த அசைவுக்கே அது பின்வாங்கியது. இளையவற்றைத் தனியாகக் கட்டி, அதே தீவனத்தைப் போதுமான தொட்டி இடத்தோடு கொடுக்கச் சொன்னேன். வேறு எந்த மருத்துவமும் செய்யவில்லை. சில வாரங்களில் அவற்றின் இடுப்பில் சதை பிடிக்கத் தொடங்கியது, அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்திற்கு வந்தன. எந்தப் பண்ணைக்குப் போனாலும் தீவனம் போடும் நேரத்தில் ஒருமுறையாவது நின்று பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். வாளியில் அளந்து கொட்டுவது ஒன்று, ஒவ்வொரு மாட்டின் வயிற்றுக்குள்ளும் போவது வேறொன்று.

மூளை இன்றைய தீவனத்தை மட்டும் பார்ப்பதில்லை; கையிருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்க்கிறது. வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்பதோடு, அது மாதாமாதம் கரைகிறதா என்பதையும் பார்த்துக் கடன் கொடுப்பவரைப்போல இதைக் கருதலாம். உடலின் சதைப்பற்றைப் பார்த்து ஐந்துக்கு மதிப்பிடும் உடல்நிலை மதிப்பெண்ணில் 3 அல்லது 3.25-இல் ஈன்று, அரை மதிப்பெண் மட்டும் இழக்கும் பசு நல்லபடியாகச் சினைபிடிக்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் இழக்கும் பசு சினைபிடிக்கத் தாமதமாகிறது. அதனால் பசு மெலிந்த பிறகு கூடுதலாகத் தீவனம் கொட்டுவதைவிட, மெலியாமல் காப்பதே பயன் தருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. சூலகத்தில் ஒரு முட்டைப்பை வளரத் தொடங்கி முதிர்வதற்கு இரண்டு மாதத்திற்கும் மேலாகிறது. பற்றாக்குறைக் காலத்தில் வளரத் தொடங்கிய முட்டை, பசு தேறிய பிறகு வெளியேறினாலும் தரம் குறைந்திருக்கலாம் என்ற கருத்தை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் பிரிட் முன்வைத்தார். என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது: ஈன்ற மூன்றாவது மாதத்தில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினைபிடிக்காத பசுவைப் பற்றிக் கேட்கும்போது, அதன் முதல் மாதத் தீவனத்தைத்தான் நான் விசாரிக்கிறேன்.

கொழுக்கவைத்து ஈனவைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது தீங்கானது. கொழுத்த பசு ஈன்றவுடன் குறைவாகத் தின்னும். அதனால் அதிகம் கரையும், கல்லீரலில் கொழுப்பு படியும், பருவத்திற்கு வருவதும் தாமதமாகும். சினைக்காலத்தில் மிகுதியாகத் தின்ற தாய்ப்பன்றி குட்டி போட்ட பிறகு குறைவாகத் தின்பதும் இதே வகை. இறைச்சிக் கோழிகளின் தாய்க்கூட்டத்தில் தீவனத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால், சூலகத்தில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய கருக்கள் முதிர்ந்து, முட்டையிடுவதே ஒழுங்கு கெட்டுப்போகும். உடல்நிலையைச் சரிசெய்ய உகந்த காலம் கறவையின் பின்பகுதி. கறவை வற்றிய பிறகு கூட்டவோ குறைக்கவோ முயல்வது காலம் கடந்த வேலை.

கிடேரிகளைப் பொறுத்தவரை வயதை மட்டும் வைத்துக் கேட்பவர்களிடம் நான் எடையைக் கேட்பேன். பெரும்பாலான பால் இனங்களில், முழு வளர்ச்சி எடையில் 45 முதல் 50 விழுக்காட்டை எட்டும்போது மூளை பருவத்திற்கு அனுமதி தருகிறது. சினை ஊசிக்கு 55 முதல் 60 விழுக்காடு வரை பொறுக்கவேண்டும். இரண்டு வயதைத் தாண்டியும் பருவத்திற்கு வராத கிடேரிகளைக் காட்டி மருந்து கேட்ட ஒருவரிடம், மருந்தை எழுதித் தராமல் நெஞ்சுச் சுற்றளவை அளக்கும் நாடாவைக் கொடுத்து மாதந்தோறும் எடையைக் குறித்துவைக்கச் சொன்னேன். குறிப்பேட்டில் எடை நகராமல் நின்ற மாதங்கள் எவை என்பது அவருக்கே தெரியவந்தது. பசுந்தீவனம் வற்றிய மாதங்கள் அவை. வேகமும் அளவோடு இருக்கவேண்டும். மூன்று மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை பெரிய இனக் கன்றுகள் நாளொன்றுக்கு ஒரு கிலோவைத் தாண்டி எடை கூடினால், பருவம் விரைவில் வந்துவிடும், ஆனால் மடியில் பால் சுரக்கும் திசு வளர்வதற்குக் கிடைக்கும் காலம் சுருங்கிவிடும்.

செம்மறியாடுகளில் இந்த அறிவு மிக எளிதாகப் பயன்படுகிறது. கிடாவை விடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்து தீவனத்தைக் கூட்டினால் ஒரே ஈற்றில் இரட்டைக் குட்டிகள் கூடும் என்பது மேய்ப்பவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. ஆடு கொழுக்காமலே, சில நாள் தீவனத்திலேயே இன்சுலினும் குளுக்கோஸும் ஏறிச் சூலகம் கூடுதல் முட்டைகளைத் தக்கவைத்துக்கொள்கிறது. ஆனால் இது நடுத்தர உடல்நிலையில் உள்ள ஆடுகளில்தான் நன்றாகப் பலிக்கிறது. ஏற்கெனவே கொழுத்திருப்பவற்றில் கூடுதல் தீவனம் வீண், எலும்பும் தோலுமாக இருப்பவற்றுக்கு இரண்டு வாரம் போதாது. ஆகவே மந்தையை ஒட்டுமொத்தமாகப் பார்க்காமல், ஒவ்வொன்றின் முதுகுத்தண்டையும் கம்பளிக்கு மேலாக அழுத்தித் தொட்டுப் பார்த்து, கொழுத்தவை, நடுத்தரமானவை, மெலிந்தவை என மூன்றாகப் பிரித்துவிடுங்கள். கிடாவை மறந்துவிடாதீர்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய ஏழு வாரங்களும், அது முதிர்ந்து வெளியேற மேலும் ஒன்றிரண்டு வாரங்களும் ஆவதால், கிடாவின் தீவனத்தைக் கூட்டும் வேலை இணைசேர்க்கைக்கு எட்டு வாரம் முன்பே தொடங்கவேண்டும்.

ஹார்மோன் ஊசிகளை நான் ஒதுக்குவதில்லை. உடல்நிலை தேறிய பசுவில், அல்லது தேறிவரும் பசுவில், அவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் ஒரு ஜிஎன்ஆர்எச் ஊசி ஒரு துடிப்பை மட்டும் தரும். நாள் முழுவதும் வரவேண்டிய துடிப்புகளை அது தராது. மெலிந்த பசுவுக்கு ஊசிமேல் ஊசி போட்டுப் பருவத்தை வரவழைத்தாலும் சினை தங்குவது அரிது. ஊசிக்கு முன் உறுதிசெய்யவேண்டியவை வேறு சில உண்டு: பசு ஏற்கெனவே சினையாக இருக்கலாம், கருப்பையில் சீழ் இருக்கலாம், பருவம் வந்து யாரும் கவனிக்காமல் போயிருக்கலாம். கன்று தாயோடே இருந்து ஊட்டினால், அந்தத் தொடர்பே மூளையில் எல்எச் துடிப்பை அடக்கும். மெலிந்த தாயில் இது இன்னும் அதிகம். அங்கே ஊட்டும் நேரத்தை வரையறுப்பது பல சமயம் மருந்தைவிடப் பலன் தருகிறது. இரவில் தொட்டி நெடுநேரம் காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் செலவில்லாத உதவி.

தீவனத்தைச் சரிசெய்த அடுத்த வாரமே பசு கத்தும் என்று எதிர்பார்க்கவேண்டாம். உடல் கரைவது நின்று, துடிப்பு மீண்டு, சூலகம் செவிசாய்ப்பதற்குப் பல வாரங்கள் ஆகும். அப்படி மீளும் பசுவில் முதல் முட்டை பெரும்பாலும் வெளியடையாளம் எதுவும் இல்லாமலே வெளியேறிவிடும். அந்தச் சுழற்சியும் குறுகியது, எட்டுப் பத்து நாளில் முடிந்து, அடுத்த முட்டையின்போதுதான் ஒழுக்கும் மற்ற பசுக்கள் மேலேற நின்றுகொடுப்பதும் தெளிவாகத் தெரியும். ஒழுக்கில் இலேசான அறிகுறி தெரிந்து, பத்து நாளுக்குள் மறுபடியும் பருவம் வந்தால் அதை நோய் என்று எண்ணி அஞ்சவேண்டாம். இரண்டு தேதிகளையும் குறித்துவைத்துக்கொண்டு, தெளிவாகத் தெரிந்த அந்த இரண்டாவது பருவத்தையோ அதற்கடுத்த இருபத்தொன்றாம் நாள் பருவத்தையோ சினை ஊசிக்குப் பயன்படுத்துங்கள்.